மிசிசாகாவில் மலாய்ச் சோறு

எங்கள் கட்டடத்தின் வாசலில் இரண்டு தீயணைப்பு வண்டிகள் நின்றன. ஒன்றில் நீள ஏணி இருந்தது. அதை எடுப்பதா விடுவதா என்று இரண்டு பேர் மேலே அண்ணாந்து பார்த்தபடி கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

கனடாவில், டொரொன்டோவின் ஸ்காபரோவில் ஒரு தை மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை. மூக்கு நுனி மரத்துப்போகிற குளிர். கட்டடத்துச் சனம் முழுக்க வாசல் மண்டபத்தில் குவிந்திருந்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு சிலர். கிளிக்கூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு சீனத்து முதியவர். ஒரு கன்னத்தில் மட்டும் சவரம் செய்திருந்த ஒருவர். நைட்டிக்கு மேல் அத்தானின் ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு என் அக்கா.

அக்கா வீடு நாலாம் மாடி. நானும் வனஜாவும் ஒன்பதாம் மாடி. எங்களுக்குக் கலியாணமாகி இன்னும் ஒரு பனிக்காலம்கூட முழுதாக முடியவில்லை.

“ஆற்ற வீட்டிலயடா நெருப்பு?” என்று அக்கா கேட்டார்.

எனக்குப் பதில் தெரியும். நான் வாயைத் திறக்க முன்னரே வனஜாவின் தலைமுடியும் என் சுவெட்டரும் பதிலைச் சொல்லிவிட்டன. அக்கா மூக்கைச் சுருக்கிக்கொண்டு ஓர் அடி பின்னால் போனார்.

அப்போது லிஃப்ட் திறந்தது. முகமூடியைக் கழற்றி நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டிருந்த ஒரு பெரிய உருவம் வெளியே வந்தது. கையில் எங்கள் வீட்டுப் பொரிக்கிற தாச்சி. பாம்பைப் பிடித்தவர்போல உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார். தாச்சியின் நடுவில் தீப்பெட்டி அளவில் கருஞ்சிவப்பாக ஒரு துண்டு.

“இது யாருடையது?”

வனஜா, வகுப்பில் பிள்ளைகள் செய்வதுபோலக் கையை உயர்த்தினாள்.

“தவறாக நினைக்க வேண்டாம் அம்மா. இதில் ஏதாவது செத்துப்போய் இருக்கிறதா?” என்று அவர் ஆங்கிலத்தில் மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

“இறால்தான். செத்து ஒரு வருஷம் இருக்கும்,” என்றாள் வனஜா, ஒளிக்காமல்.

அது பெலாச்சான். சின்ன இறாலை உப்புப் போட்டு ஊற வைத்து, இடித்து, வெயிலில் காய வைத்து, மறுபடி இடித்துக் கட்டியாக்குவது. மலாய்க்காரர் வீட்டில் உப்பு இல்லாமல் ஒரு நாள் போனாலும் போகும், பெலாச்சான் இல்லாமல் போகாது. சமைக்க முன் அதைச் சுட வேண்டும். சுடும்போது வருகிற மணத்தை நான் இங்கே வர்ணிக்கப் போவதில்லை. நீங்கள் காலைச் சாப்பாட்டோடு இதைப் படித்துக்கொண்டிருக்கக்கூடும்.

லிஃப்டில் மேலே போகும்போது அக்கா சுவரைப் பார்த்துச் சொன்னார். “முழுச் சனத்துக்கும் முன்னால வெள்ளைக்காரன் எங்கட தாச்சியைத் தூக்கிக்கொண்டு வாறான். மானம் போச்சு.”

நாலாம் மாடியில் இறங்கிப் போய்விட்டார். மற்ற ஐந்து மாடிக்கும் வனஜா தன் தலைமுடியை முகர்ந்து பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்குள் வந்து யன்னல்களைத் திறந்துவிட்டாள். மிச்சப் பெலாச்சான் கட்டியை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, அதை இன்னொரு பைக்குள் போட்டு, அதையும் இன்னொன்றுக்குள் போட்டு, தன் சூட்கேஸின் அடியில் வைத்து மூடினாள்.

“அம்மாகிட்ட சொல்லிட்டேங்க. திரும்பிப் போற டிக்கெட்ல ஒரு தேதி இருக்கு இல்லே. அந்தத் தேதிக்கே ஊருக்குப் போறேன்,” என்றாள்.

“அக்கா சொன்னதை மனசில வையாதையும். அவ அப்பிடித்தான்.”

“அக்கா மேலே கோபம் இல்லே லா. எனக்கு இங்க சத்தமே வரமாட்டேங்குது. நானே பேசறேன், எனக்கே கேக்கல.”

நான் யன்னலோரம் குளிருக்குள் நின்றேன். எனக்கு அவள் சத்தமில்லாத பெண்ணாகத்தான் அறிமுகமாகியிருந்தாள்.

இருவழிச் சீட்டு

சாரதிப் பரீட்சையில் நான் மூன்று தரம் விழுந்த கதையைச் சென்ற கிழமை இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, மனைவியைப் பற்றி ஏன் ஒன்றும் எழுதுவதில்லை என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். வனஜாவிடம் அனுமதி கேட்டேன். “எழுதுங்க. ஆனா வண்டி ரெண்டுதான் வந்துச்சு. கூட்டி எழுதாதீங்க,” என்றாள்.

வனஜா மலேசியாவில் சிரம்பான் ஊர்க்காரி. அவளுடைய பாட்டனார் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறி, ரயில்வேயில் கிளார்க்காகி, அங்கேயே இருந்துவிட்டவர். எங்கள் ஊரில் அப்படிப் போய்த் திரும்பி வந்தவர்களும் இருந்தார்கள். மலாயாப் பென்சன்காரர் என்று சொல்வோம். அதில் ஒருவர் எங்கள் ஒழுங்கையில் இருந்தார். சைக்கிளில் போகிற எவரையும் மறித்து “மக்கான்? மக்கான்?” என்று கேட்பார். சாப்பிட்டாயா என்று அன்பாகக் கேட்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாது. ஏதோ ஏசுகிறார் என்று நினைத்து வேகமாக மிதிப்போம். நான் வாழ்க்கையில் கேட்ட முதலாவது மலாய்ச் சொல்லுக்கு நான் ஓடித் தப்பினேன்.

கலியாணத்தைப் பேசி ஒப்பேற்றியது அக்கா. தொலைபேசியிலேயே எல்லாம் நடந்தது. வனஜாவின் தாயாருக்கு ஒரே ஒரு கவலைதான்: மகள் குளிர் நாட்டில் என்ன சாப்பிடுவாள்?

“நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. இஞ்ச மலாய்க் கடை தெருவுக்குத் தெரு கிடக்கு,” என்று அக்கா அடித்துச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா பொய் சொல்கிற ஆள் இல்லை. அவர் உண்மையாகவே அப்படி ஒரு கடையைக் கண்டிருந்தார். அதைப் பிறகு சொல்கிறேன்.

தாயார் முழுதாக நம்பவில்லை போலும். ஒருவழிச் சீட்டு எடுப்பது சகுனத்துக்கு நல்லதில்லை என்று சொல்லி, போய்த் திரும்புகிற சீட்டாக வாங்கி மகளை அனுப்பினார். கோயிலில் தாலி கட்டினேன். தாலி கட்டும்போது அந்தச் சீட்டும் மணமகளின் கைப்பைக்குள்தான் இருந்தது.

முதல் கிழமையே மொழிப் பிரச்சினை தொடங்கிவிட்டது. தமிழுக்கும் தமிழுக்கும் இடையில்தான். வனஜா காலையில் அக்காவைக் கண்டவுடன், “பசியாறியாச்சா அக்கா?” என்று கேட்பாள். மலேசியாவில் அது காலை வணக்கம் மாதிரி. அக்காவுக்கு அது வேறு மாதிரிக் கேட்டது.

“ஏனடா உவள் காலமை காலமை பசி எண்டுறாள்? நீ ஒழுங்காச் சாப்பாடு குடுக்கிறேல்லையோ?”

அதற்குப் பிறகு அக்கா தினமும் ஒரு சட்டி புட்டு மேலே அனுப்பினார். வனஜா அதை மரியாதைக்காகச் சாப்பிட்டாள். ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டாம் தரம் கேட்கவும் இல்லை.

எரியாத இரண்டு எழுத்து

அக்கா கண்ட கடைக்கு ஒரு சனிக்கிழமை நால்வரும் போனோம். அத்தானின் வான் வண்டியில். எங்கள் குடும்பத்தில் வாகனம் வைத்திருந்தவர் அத்தான் ஒருவர்தான். வரைபடம் பார்ப்பது ஆண்மைக்கு இழுக்கு என்று நினைப்பவர்.

தூரத்திலிருந்தே பெயர்ப்பலகை தெரிந்தது. சிவப்பு விளக்கில், ஆங்கில எழுத்தில் “மாலயா.”

“பாத்தியோ?” என்றார் அக்கா. வனஜா முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு எம்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

கிட்டப் போன பிறகுதான் “மாலயா”வுக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் பலகை இருப்பதைக் கண்டோம். அங்கே எச், ஐ என்ற இரண்டு எழுத்துக்கும் விளக்கு எரியவில்லை. எரிந்திருந்தால் “ஹிமாலயா” என்று படித்திருப்போம்.

உள்ளே மலைகளின் படம் மாட்டியிருந்தது. நான் ரொட்டியும் கோழிக்கறியும் கொண்டுவந்து வைத்தார்கள். அக்கா கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. “மலாயாவிலயும் மலை கிடக்குத்தானே?” என்று வனஜாவிடம் கேட்டார்.

“இருக்குக்கா,” என்றாள் வனஜா.

அந்த வருடங்களில் டொரொன்டோவில் மலாய்ச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று யாராவது கேட்டிருந்தால், அந்தப் பனிக்காலத்து அலைச்சலை வைத்து நான் ஒரு விரிவுரையே செய்திருப்பேன். நகரத்தின் நடுப்பகுதியில் ஓர் உணவகம் இருந்தது. அங்கே சாத்தே என்று குச்சியில் குத்திய இறைச்சி கொடுத்தார்கள். தொட்டுக்கொள்ள வந்தது பாணில் பூசுகிற நிலக்கடலைப் பசை. கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டு இளக்கியிருந்தார்கள். வனஜா தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, வெளியே வீதியில் போகிற ட்ராம் வண்டியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அஜின்கோர்ட்டில் ஒரு சீனக் கடைத்தொகுதிக்குள், மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த சீனக் குடும்பம் ஒன்று நாலு மேசை போட்டு நடத்திய கடை இருந்தது. அங்கே லக்சா என்ற தேங்காய்ப்பால் நூடில்ஸ் நன்றாக இருந்தது. வனஜா கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தாள். அப்பாடா என்று எனக்கு இருந்தது.

“கிடைச்சிட்டுதெல்லே?” என்று கேட்டேன்.

“இது நல்லா இருக்குங்க. ஆனா இது சீனவங்க சமையல். மலாய்க்காரங்க சமையல் வேற.”

“என்ன வித்தியாசம்?”

அவள் யோசித்தாள். “பக்கத்து வீட்டு மக்சிக் காலையில நாசி லெமாக் ஆக்குவாங்க. சோத்தைத் தேங்காப்பால்ல வேக வைக்கிறது. பாண்டான் இலையை முடிச்சுப் போட்டு உள்ளே போடுவாங்க. மேலே நெத்திலிச் சம்பல், அவிச்ச முட்டை, வெள்ளரிக்கா, கச்சான் கடலை. வாழை இலையில மடிச்சு வேலிக்கு மேலால குடுப்பாங்க. ஸ்கூல் பஸ்ல உக்காந்து பிரிச்சா, முழுப் பஸ்ஸும் திரும்பிப் பாக்கும்.” மக்சிக் என்றால் மலாயில் பெரியம்மா மாதிரி.

அவள் என்னோடு ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தரம். அடுத்த கிழமை தானே செய்து பார்ப்போம் என்று சூட்கேஸிலிருந்து பெலாச்சானை எடுத்தாள். தீயணைப்பு வண்டி வந்தது. அதுதான் இந்தக் கதையின் தொடக்கத்தில் நீங்கள் பார்த்தது.

அலாமாக்

வண்டி வந்துபோன சில நாட்களுக்குப் பிறகு சீனச் சுப்பர்மார்க்கெட்டில் அரிசி வாங்கப் போனோம். நான் அரிசி மூட்டையைத் தோளில் தூக்கித் திரும்பினேன். வனஜாவைக் காணவில்லை.

இரண்டு வரிசைக்கு அப்பால் ஏதோ கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து ஒரு பெண் குரல்: “அலாமாக்!”

ஐயையோ என்று நாங்கள் சொல்கிற இடத்தில் மலாய்க்காரர் அலாமாக் என்பார்கள். அந்தச் சொல் கேட்ட திசைக்கு வனஜா ஓடியிருக்கிறாள். நான் மூட்டையோடு போய்ச் சேர்ந்தபோது நிலம் முழுக்கச் சோயா சோஸ். அதன் நடுவில் தலையில் ஸ்கார்ஃப் கட்டிய குள்ளமான பெண்ணொருத்தியும் என் மனைவியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். துடைப்பத்தோடு வந்த கடைப்பையன் யார் பேசி முடிப்பார் என்று பார்த்துக்கொண்டு நின்று, அலுத்துப்போய், அவர்களுடைய சப்பாத்தைச் சுற்றித் துடைக்கத் தொடங்கினான்.

அவர் பெயர் நோர். காக் நோர் என்று வனஜா கூப்பிட்டாள். மலேசியாவின் கிளந்தான் மாநிலத்துக்காரி. கணவருக்கு விமான நிலையத்தில் வேலை, வீடு நகரத்துக்கு மேற்கே மிசிசாகாவில். அடுத்த மாதம் நோன்புப் பெருநாள் வருகிறது, வீட்டில் ஓப்பன் ஹவுஸ், குடும்பத்தோடு கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லி, அரிசி மூட்டையின் மேலேயே பேனாவால் விலாசத்தை எழுதிவிட்டார்.

அன்று பின்னேரம் அக்கா வீட்டில் இதைச் சொன்னேன்.

“காக் எண்டால் என்ன?” என்று அக்கா கேட்டார்.

“அக்கான்னு அர்த்தம்,” என்றாள் வனஜா.

“என்னை அக்கா எண்டே கூப்பிடு பிள்ளை. காக்கா எண்டு கூப்பிட்டுடாதை.”

அத்தான் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கினார். “ஓப்பன் ஹவுஸோ? எத்தினை பெட்ரூம்?”

கனடாவில் ஓப்பன் ஹவுஸ் என்றால் வீடு விற்பனைக்கு, வந்து பாருங்கள் என்று பொருள். மலேசியாவில் பெருநாளன்று வீட்டுக் கதவைத் திறந்து வைத்து வருகிற எல்லாருக்கும் சாப்பாடு போடுவதற்குத்தான் அந்தப் பெயர். வனஜா இதை அத்தானுக்கு இரண்டு தரம் விளங்கப்படுத்தினாள். அத்தான் அந்தக் காலத்தில் ஒரு வீடு வாங்க வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தார்.

“விக்கிறவை நேரடியாச் சொல்லமாட்டினம். சாப்பாடும் போட்டு வீட்டையும் காட்டுறது ஒரு புது முறையாக்கும். எதுக்கும் போய்ப் பாப்பம்,” என்றார்.

ஒரே பெயரில் இரண்டு வீதி

பெருநாளன்று பனி கொட்டியது. மிசிசாகாவில் ஒரு வீதிப் பெயரைக் கண்டுபிடித்தால் அதே பெயரில் ஒரு டிரைவ், ஒரு கிரெசன்ட், ஒரு கோர்ட் எல்லாம் பக்கத்திலேயே இருக்கும். அத்தானிடம் கோர்ட் என்று நான் சொன்னேன். அத்தான் கிரெசன்டுக்குள் திருப்பினார்.

“அந்தா, சப்பாத்து நிறையக் கிடக்கிற வீடு. வேற என்ன விலாசம் வேணும்?”

இலக்கம் சரியாக இருந்தது. வாசலில் சப்பாத்துக் குவியல் இருந்தது. உள்ளேயிருந்து சமையல் மணம் வந்தது. கதவைத் திறந்த வெள்ளைத் தாடிப் பெரியவர் ஈத் முபாரக் என்று சொல்லி, என்னையும் அத்தானையும் மும்மூன்று தரம் கட்டிப்பிடித்தார். உள்ளே பெண்கள் அக்காவையும் வனஜாவையும் இழுத்துப் போய்ச் சோபாவில் இருத்தினார்கள். இரண்டு நிமிடத்தில் எல்லார் கையிலும் தட்டு.

“சோறு நல்லாக் கிடக்கு,” என்றார் அக்கா. “புரியாணி மாதிரியே செய்யினம்.”

வனஜா தட்டைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். என் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தாள். “புரியாணி மாதிரி இல்லே. புரியாணியேதான். இது வேற வீடு.”

நான் அத்தானைத் தேடினேன். அவர் அங்கே இல்லை. நிலக்கீழ் அறையிலிருந்து அவருடைய குரல் கேட்டது. சுவரைத் தட்டிப் பார்க்கிற சத்தமும் கேட்டது. “பேஸ்மென்ட் பினிஷ்ட் தானோ? தண்ணி உள்ள வாறேல்லையோ?” என்று அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைத் தாடிக்காரர் பெருமையோடு, தானே போட்ட பலகைத் தரையைக் காட்டிக்கொண்டிருந்தார். இருவரும் தோளில் கை போடாத குறை.

அவர்கள் மேலே வந்ததும் நான் எழும்பி நின்று உண்மையைச் சொன்னேன். பெரியவர் தாடி குலுங்கச் சிரித்தார்.

“மலேசியாவுக்குப் புறப்பட்டு லாகூரில் இறங்கிவிட்டீர்கள். பரவாயில்லை. தட்டில் இருப்பதை முடித்துவிட்டுப் போங்கள்.”

முடித்தோம். அவரே சப்பாத்து மாட்டிக்கொண்டு பனிக்குள் எங்களோடு நடந்து வந்து பின் வீதியைக் காட்டினார். கதவைத் திறந்த காக் நோர் அவரையும் விடவில்லை. வாசல்வரை வந்தவர் சாப்பிடாமல் போகக் கூடாதாம். லாகூரும் உள்ளே வந்து உட்கார்ந்தது.

அக்காவின் மலாய்

அந்த மேசையை நான் எப்படிச் சொல்வேன்? தேங்காய்ப்பால் வற்றி எண்ணெய் பிரியும்வரை மணிக்கணக்காகக் கிண்டிய ரெண்டாங், கோழியில் ஒன்று, மாட்டில் ஒன்று. மாடு சாப்பிடாத எங்களுக்காகக் கோழியை மேசையின் மற்ற அந்தத்தில் தனியாக வைத்து, அதற்குத் தனி அகப்பையும் போட்டிருந்தார்கள். சதுரம் சதுரமாக வெட்டிய கெத்துப்பாட் சோறு. குருத்தோலையில் பின்னி அவிக்க வேண்டியதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு அவித்திருந்தார்கள். மூங்கிலுக்குள் வேக வேண்டிய லெமாங் சோறு வாழை இலையும் ஈயத்தாளும் சுற்றி ஓவனில் வெந்திருந்தது. “இது லெமாங் இல்லை, லெமாங்கின் புகைப்படம்,” என்று காக் நோரின் கணவர் மன்னிப்புக் கேட்டார். ரோசாப்பூ நிறத்தில் ஒரு பால். கண்ணாடித் தட்டில் கறுப்பாக, மினுங்கிக்கொண்டு, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டுக் கிண்டிய தொதல்.

“இது எங்கட தொதல்!” என்றார் அத்தான். பிறகு மேசை நீளத்துக்கும் நடந்தார். “இது எங்கட அச்சாறு. இது எங்கட சம்பல். சோத்துக்க கிடக்கிறது எங்கட ரம்பை.” பாண்டான் இலையும் எங்கள் ரம்பையும் ஒன்றுதான். அக்காவின் குளிர்பெட்டியில் ஒரு பொதி கிடந்தது. நாங்கள் அந்த இலைக்காக நகரம் முழுக்க அலைந்திருந்தோம்.

வனஜா ரெண்டாங்கை ஒரு வாய் வைத்தாள். மெதுவாக மென்றாள். காக் நோர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வனஜா மலாயில் ஏதோ சொன்னாள். காக் நோர் இடுப்பில் கை வைத்தார். வனஜா இன்னும் உரத்துச் சொன்னாள். காக் நோர் அதைவிட உரத்துப் பதில் சொன்னார். அறையிலிருந்த மலேசியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள்.

“என்ன சண்டை?” என்று நான் பக்கத்திலிருந்தவரைக் கேட்டேன்.

“உங்கள் மனைவி, கிளந்தான்காரர் எல்லாவற்றிலும் சீனி போட்டுக் கெடுக்கிறார்கள் என்கிறார். இவர், சிரம்பான்காரருக்கு நாக்கு எரிந்து போய்விட்டது, ருசி தெரியாது என்கிறார்.”

வனஜா சட்டைக் கையை மடித்துக்கொண்டு குசினிக்குள் போனாள். மிக்சியில் அரைத்த சம்பல் தண்ணியாக இருக்கிறது, கடிக்கவில்லை என்று அவளுக்குக் குறை. இடிக்கக் கல் இல்லை என்றார் காக் நோர். வனஜா ஒரு கனத்த கோப்பைக்குள் பச்சை ஊசிமிளகாயைப் போட்டு, ரொட்டி உருட்டுகிற கட்டையின் நுனியால் இடிக்கத் தொடங்கினாள். இடித்துக்கொண்டே பேசினாள். பேசிக்கொண்டே சிரித்தாள். என்ன ஒரு சிரிப்பு! மேல்மாடியில் தூங்கிய குழந்தை விழித்து அழுதது.

நான் குசினி வாசலில் தட்டோடு நின்றேன். இந்தப் பெண்ணை நான் முன்பின் கண்டதில்லை. வாயாடி. பகிடிக்காரி. வீட்டுக்காரியின் முகத்துக்கு நேரே, உன் கறி சரியில்லை என்று சொல்லிவிட்டு அவளிடமே உப்பைத் தா என்று கேட்கிறவள். எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இப்படி ஒருத்தியை ஒன்பதாம் மாடியில் வாய் மூடி வைத்திருந்தால் அவள் போகாமல் என்ன செய்வாள்?

அக்காவுக்கும் ஏதோ பட்டிருக்க வேண்டும். சிறிது நேரம் குசினிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவர், வனஜா வெளியே வந்ததும் கையைப் பிடித்து இழுத்தார்.

“பிள்ளை, தேங்காய்க்கு அவையள் என்ன சொல்லுறது?”

“கெலாப்பா.”

அக்கா அதை வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு எழும்பி, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, நடு அறைக்குப் போய் எல்லாருக்கும் கேட்கும்படி ஆங்கிலமும் மலாயும் கலந்து வீட்டுக்காரியைப் பாராட்டினார்.

“காக் நோர்! யுவர் கெப்பாலா வெரி குட். வெரி வெரி பிக் கெப்பாலா!”

காக் நோர் மெதுவாகக் கையைத் தூக்கித் தன் தலையைத் தொட்டுப் பார்த்தார். கெலாப்பா தேங்காய். கெப்பாலா தலை.

முதலில் சிரித்தது வனஜாதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அறை முழுக்க வெடித்தது. அக்கா நடுவில் நின்றார். சபையில் சிரிப்புக்கு ஆளாவதை அக்கா வாழ்க்கையில் பொறுத்துக்கொண்டதில்லை. இதோ புறப்படுவோம் என்று சொல்லப் போகிறார் என்று நான் கோட்டைத் தேடினேன்.

“என்னடி சொல்லிப் போட்டன்?” என்று அக்கா வனஜாவைக் கேட்டார்.

வனஜா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். “அவங்க தலை ரொம்பப் பெரிசுன்னு சொன்னீங்க, அக்கா.”

அக்கா காக் நோரின் தலையைப் பார்த்தார். பிறகு அவருக்கும் வந்துவிட்டது. வனஜாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கண்ணீர் வழியச் சிரித்தார். இருவரையும் தூக்கி நிறுத்த லாகூர்ப் பெரியவரின் உதவியும் தேவைப்பட்டது.

திரும்பி நெடுஞ்சாலையில் வந்தோம். எல்லாருக்கும் சாப்பாட்டு மயக்கம். அத்தான் மட்டும் லாகூர்க்காரர் வீட்டுக்குக் கூரை புதிதா என்று கேட்க மறந்ததை நினைத்து முணுமுணுத்தார். ஸ்காபரோ வந்ததும் அக்கா யன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

“பிள்ளை, உந்த மணத்தை இனிச் சுடுறதெண்டால் என்ர வீட்டில வந்து சுடு. எங்கட புகை அலாரம் பழுதாப்போய்க் கனகாலம்.”

கல்

திங்கட்கிழமை காலை வனஜா தாயாரோடு தொலைபேசியில் பேசினாள். நான் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டு வாசலில் குந்தியிருந்து சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தேன். வனஜாவின் குரல் யாரிடமிருந்து வந்தது என்பது எனக்கு இப்போது விளங்கிவிட்டது. தாயார் பேசினால் தொலைபேசியைக் காதில் வைக்கத் தேவையில்லை. அறைக்கு அப்பாலிருந்தே எல்லாம் கேட்கும்.

“பிளைட்டு எத்தனை மணிக்கு இறங்குதுன்னு அண்ணன் கேக்கிறான். லீவு போடணுமாம்.”

வனஜா தொலைபேசி வயரை விரலில் சுற்றினாள். நான் சப்பாத்து நாடாவைப் பிடித்தபடி அப்படியே இருந்தேன்.

“அம்மா, பின்னாடி குசினியில சம்பல் இடிக்கிற கல்லு இருக்கு இல்லே? கல்லும் குழவியும்?”

“ஆமா, இருக்கு. ஏன்?”

“அதைக் கப்பல்ல போட்டு அனுப்பிவிடுங்க.”

“கல்லையா?”

“ஆமாம்மா. இங்க மிக்சியில அடிச்சா சம்பல் சரியா வரமாட்டேங்குது. நோர்னு ஒரு அக்கா இருக்காங்க, அவங்களும் வந்து இடிப்பாங்க.”

சிரம்பானில் யாரோ ஒரு மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கொண்டு போனது கேட்டது. தாயார் மூக்கை உறிஞ்சினார். அதற்குப் பிறகு விமானத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

“ரெண்டு கல்லு இருக்கு,” என்றார் கடைசியில். “பெரிசா, சின்னதா?”

வனஜா திரும்பி என்னைப் பார்த்தாள்.

“பெரிசையே அனுப்புங்க,” என்றாள்.